அடிச்சுவடு அறிதல்

ஏட்டில் எழுதப்பட்டதைச் சுவடி என்கிறோம். நிலத்தில் பதிந்ததைச் சுவடு என்கிறோம். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். எழுதியவன் எதிரே இல்லாதபோதும் அவன் கருத்தை ஏடு நமக்கு உணர்த்துகின்றது. அவ்வாறே, நடந்து சென்ற விலங்கு கண்ணுக்கு எட்டாத தொலைவு போய்விட்ட பின்னரும், அதன் இனத்தையும் அளவையும் நடையையும் நிலம் நமக்கு எடுத்துரைக்கின்றது. ஏட்டைப் படித்தற்கு எழுத்தறிவு வேண்டும். நிலத்தைப் படித்தற்குச் சுவடறிவு வேண்டும்.

காட்டு விலங்குகளுள் பல பகலில் மறைந்திருந்து இரவில் உலவுவன. மாந்தர் வாடை பட்ட அளவிலேயே விலகிச் செல்வன. ஆதலின், காட்டிற்குள் வாழ்நாள் முழுதும் பணிபுரிவோரும் விலங்கை நேரிற் காண்பதைவிட அதன் சுவட்டைக் காண்பதே மிகுதி. நம் முன்னோர் அறிவிற்குரிய வழிகளை அளவைகள் என்று வகுத்தனர். கண்ணாற் கண்டு அறிவது காண்டல் அளவை. புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல் அளவை. சுவட்டைக் கண்டு விலங்கை அறிவதும் கருதல் அளவையே ஆகும். புகையென்று எண்ணியது மூடுபனியாயிருப்பின் நெருப்பு உண்டென்ற துணிவும் பிழைபடும் அன்றோ? அது போலவே, சுவட்டைச் சரியாக நோக்காதவன் கொள்ளும் முடிவும் பிழைபடும். அப்பிழை உயிர்க்கே கேடாய் முடிவதும் உண்டு. அதனை இப்பாடத்தின் பிற்பகுதியிற் காண்போம்.

இடமும் காலமும்

எந்நிலமும் சுவட்டை ஏற்பதில்லை. பாறையும் சருகு மூடிய தரையும் சுவட்டை மறைத்துவிடும். ஆற்றோர மணல், குட்டையின் ஈரக்கரை, வண்டித் தடத்திற் படிந்த நுண்புழுதி, மழை பெய்து வடிந்த வண்டல் ஆகியவையே நல்ல ஏடுகள். நீலமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள முதுமலைக் காட்டை எடுத்துக்கொள்வோம். 1940-ஆம் ஆண்டில் விலங்குப் புகலிடமாக்கப்பெற்று, 2007-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது அது. யானை, புலி, சிறுத்தை, கரடி, செந்நாய், காட்டெருமை, கடமான், புள்ளிமான் எனப் பலவகை விலங்குகள் அங்கு வாழ்கின்றன. கோடையில் ஓடைகள் வற்றும்போது இவை யாவும் மோயாற்றையும் எஞ்சிய நீர்நிலைகளையும் நாடி வருகின்றன. அக்கரைகளில் ஓர் இரவில் வந்து சென்றவற்றின் பெயர்ப்பட்டியலை விடியற்காலையில் நிலத்திலேயே படித்துவிடலாம்.

சுவடு காண்பதற்கு ஏற்ற பொழுது காலையும் மாலையுமே. அப்பொழுதுகளில் கதிரவன் ஒளி சாய்ந்து விழுகின்றது. பள்ளத்தின் விளிம்பு நிழலைத் தந்து சுவட்டைத் தெளிவாக்குகின்றது. உச்சிவேளையில் ஒளி நேரே விழுதலின் நிழலின்றிச் சுவடும் மங்கித் தோன்றும். தனக்கும் கதிரவனுக்கும் இடையே சுவடு இருக்குமாறு நின்று நோக்குதல் வேண்டும். சுவட்டை மிதித்துவிடாது அதன் பக்கமாகவே நடத்தல் வேண்டும். ஏட்டை மிதிப்பவன் அதனைப் படிப்பது எங்ஙனம்?

குளம்பும் பாதமும்

சுவட்டைக் கண்டவுடன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இது குளம்பின் பதிவா, விரல்களையுடைய பாதத்தின் பதிவா என்பதாம். மானும் பன்றியும் காட்டெருமையும் பிளவுபட்ட குளம்பை உடையவை. ஆதலின் அவற்றின் சுவட்டில் இரண்டு பிளவுகள் இணையாகத் தோன்றும். புள்ளிமானின் சுவடு சிறிதாய், முனை கூர்ந்து, ஒடுங்கியிருக்கும். கடமானின் சுவடு அதனினும் பெரிது. காட்டெருமையின் சுவடோ நாட்டு மாட்டின் சுவட்டை ஒத்து அகன்றிருக்கும். காட்டுப்பன்றியின் சுவட்டில், இரு குளம்புப் பிளவுகளுக்கும் பின்னால் இருபுறமும் இரண்டு சிறு குழிகள் காணப்படும். அவை காலின் பின்புறத்துள்ள சிறு குளம்புகளின் பதிவு. மானின் காலிலும் அச்சிறு குளம்புகள் உண்டு. ஆயினும் அவை உயரத்தில் அமைந்திருத்தலின், மான் சேற்றிற் புதையும்போதோ தாவி ஓடும்போதோ அன்றி அவை பெரும்பாலும் நிலத்திற் படுவதில்லை.

நாயும் பூனையும்

விரல்களையுடைய பாதங்களுள் மிகுதியாகக் குழப்பத்தை விளைப்பவை நாயினமும் பூனையினமும் ஆகும். இரண்டின் சுவட்டிலும் நான்கு விரல்களும் அவற்றின் பின்னே ஓர் அடித்திண்டும் பதிகின்றன. காட்டோரத்துச் சிற்றூர்களில், "சிறுத்தை வந்துவிட்டது" என்று ஊரே அஞ்சி, மாலையிற் கதவடைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாது நிறுத்திவைக்கும் நிகழ்ச்சிகள் உண்டு. பெரிய நாயொன்றின் சுவடும் இவ்வச்சத்திற்குக் காரணமாதல் கூடும். இதன் மறுதலையும் நிகழலாம். உண்மையிலேயே சிறுத்தை வந்து சென்றிருக்க, அதனை நாயென்று எண்ணி, ஆட்டுப்பட்டியைத் திறந்து வைத்து உறங்கிவிடுதலும் உண்டு. இரண்டையும் தவிர்க்க வேண்டுமாயின் வேறுபாட்டை ஐயமற அறிதல் வேண்டும்.

நாயின் நகம் உள்ளிழுபடாதது. ஆதலின் நடக்கும்போது விரல்களின் முன்னே நகநுனி குத்திய புள்ளிகள் தோன்றும். பூனையினம் தன் நகங்களை உறையுள் வாள்போல் உள்ளே அடக்கி நடப்பது. ஆதலின் அதன் நடைச்சுவட்டில் நகக்குறி இராது. நாயின் சுவடு அகலத்தினும் நீளம் மிகுந்தது; நடுவிரல் இரண்டும் ஒருசேர முன்னே நிற்கும். பூனையினத்தின் சுவடு ஏறக்குறைய வட்டமானது. நம் கையின் நடுவிரல் போல ஒரு விரல் மட்டும் சற்று முன்னே நிற்கும். நாயின் அடித்திண்டு சிறியது, முக்கோண வடிவினது. பூனையினத்தின் அடித்திண்டு பெரியது. அதன் பின்விளிம்பு மூன்று மடிப்பாக அமைந்திருக்கும்.

நான்கு அடையாளங்கள் கூறப்பட்டன. ஒன்றே போதாதோ எனின், போதாது. சறுக்கும் மேட்டில் ஏறும்போதும் இரைமேற் பாயும்போதும் சிறுத்தையும் நகத்தை நீட்டும். இறுகிய தரையில் நாயின் நகம் பதியாது போவதும் உண்டு. ஆகவே நகக்குறி ஒன்றையே நம்பியவன் ஏமாறுவான். நான்கு அடையாளங்களும் ஒத்து நிற்குமாயின் அன்றித் துணிதல் ஆகாது. ஒரு சான்றை வைத்துத் தீர்ப்புக் கூறும் நடுவர் நல்ல நடுவர் அல்லர்.

புலியும் சிறுத்தையும்

பூனையினம் என்று தெளிந்த பின்னர் அளவை நோக்குதல் வேண்டும். வளர்ந்த சிறுத்தையின் சுவடு பெரும்பாலும் ஆள் ஒருவரின் உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்த புலியின் சுவடு அதனினும் நன்கு பெரியது. ஆயின் புலிக்குட்டியின் சுவடும் சிறுத்தையின் அளவினதாய் இருக்கக்கூடும் அன்றோ? அவ்விடத்தில் அக்கம் பக்கம் நோக்குதல் வேண்டும். குட்டி தாயோடு செல்வது. ஆதலின் அருகே தாயின் பெருஞ்சுவடு இருத்தல் கூடும். சொல்லுக்குப் பொருள் காணுமிடத்து முன்னும் பின்னும் உள்ள சொற்களை நோக்குமாறு போல, சுவட்டிற்குப் பொருள் காணுமிடத்தும் முன்னும் பின்னும் நோக்குதல் வேண்டும்.

புலியின் முன்னங்காற் சுவடு பெரிது. பின்னங்காற் சுவடு சிறிது. பின்னங்காற் சுவட்டைச் சுற்றிக் கோடு கிழித்தால், ஆண்புலியாயின் அது சதுரத்தில் அடங்கும் என்றும், பெண்புலியாயின் அகலம் குறைந்த நீள்சதுரத்தில் அடங்கும் என்றும் வனத்துறையினர் கொள்வது வழக்கம். ஆயினும் அதே புலியின் அதே பாதம் ஈரச்சேற்றில் விரிந்து பெரிதாகவும், மெல்லிய புழுதியிற் சுருங்கிச் சிறிதாகவும் பதியும். இதனை மாணவர்கள் நன்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

யானையின் அடி

சுவடுகளுள் மிகப் பெரியது யானையினது. அதன் முன்காற் சுவடு வட்டமாயிருக்கும். பின்காற் சுவடு நீண்டு முட்டை வடிவாய் இருக்கும். நகங்களின் பதிவு முன்புறம் அமைதலின் சென்ற திசையை எளிதில் அறியலாம். நடக்கும்போது யானை பெரும்பாலும் முன்கால் வைத்த இடத்திலோ அதன் அருகிலோ பின்காலை ஊன்றுகின்றது. ஆதலின் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவடுகள் படிந்திருக்கும்; அறியாதார்க்கு இருகால் விலங்கு நடந்தது போலவும் தோன்றும்.

யானையின் சுவட்டிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடலாம் என்பது வியப்பிற்குரியது. முன்காற் சுவட்டைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, அவ்வளவை இருமடங்காக்கினால், யானையின் தோள்வரையுள்ள உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 130 செ.மீ. ஆயின் உயரம் 260 செ.மீ., அதாவது எட்டரை அடி அளவாகும். உடல் பருக்கப் பருக்க அதனைத் தாங்கும் அடியும் அதற்கேற்ப விரிகின்றது என்பதே இதன் அடிப்படை. யானையைப் பாராமலே யானையை அளந்துவிடுகின்றோம்! மேலும், யானையின் உள்ளங்காலில் வெடிப்புகள் வரிவரியாக உள்ளன. நுண்ணிய புழுதியில் அவ்வரிகளும் பதிவதுண்டு. அவற்றை ஊன்றி நோக்கி, நேற்று வந்த யானையே இன்றும் வந்தது என்று அடையாளம் காண்பாரும் உளர்.

பிற உயிர்கள்

கரடியின் பின்காற் சுவடு மாந்தர் பாதத்தைப் போல நீண்டு குதிகாலோடு பதியும். ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பதும், முன்காற் சுவட்டின் எதிரே நீண்ட நகக்குறிகள் தனித்துத் தெரிவதும் அதனை வேறுபடுத்திக் காட்டும். முயல் தாவும்போது சிறிய முன்கால்களை ஊன்றி, பெரிய பின்கால்களை அவற்றிற்கு முன்னே கொண்டுவந்து வைக்கின்றது. ஆதலின் பெரிய பதிவுகள் முன்னும் சிறியவை பின்னும் அமையும். இதனை அறியாதவன் முயல் சென்ற திசைக்கு நேர் எதிர்த் திசையில் தேடிச் செல்வான். உடும்பு நடந்த வழியில் இருபுறமும் பாதப்பதிவுகளும், நடுவே வால் இழுபட்ட கோடும் காணப்படும்.

கால் இல்லாத பாம்பிற்கும் சுவடு உண்டு. அது உடலை நெளித்து மணலைப் பின்னோக்கித் தள்ளி முன்னேறுகின்றது. ஆதலின் ஒவ்வொரு வளைவின் பின்பக்கத்திலும் மணல் சிறு வரம்பாகக் குவிந்திருக்கும். அவ்வரம்பு எப்பக்கம் உள்ளதோ அதற்கு எதிர்ப்பக்கமே பாம்பு சென்ற திசை. பருத்த மலைப்பாம்போ நெளியாது நேரே ஊர்ந்து செல்லவும் வல்லது. அப்போது கனமான பொருளை இழுத்துச் சென்றது போன்ற அகன்ற தடம் தோன்றும்.

நடையும் நேரமும்

ஒரு சுவடு பெயரைக் கூறும். சுவடுகளின் வரிசை செயலைக் கூறும். சீரான இடைவெளியில் அமைந்த சுவடுகள் அமைதியான நடையைக் காட்டும். இடைவெளி திடீரெனப் பெருகி, விரல்நுனிகள் ஆழப் பதிந்து, மண் பின்னே சிதறியிருப்பின் விலங்கு விரைந்தோடியது என்று கொள்ளலாம். புள்ளிமான்களின் சுவடுகள் நான்கு புறமும் சிதறியோட, அவற்றினிடையே செந்நாய்க் கூட்டத்தின் சுவடுகளும் தோன்றுமாயின், அங்கு நடந்த வேட்டை கண்முன் நிற்கும்.

சுவடு எப்போது பதிந்தது என்பதை விளிம்பு காட்டும். புதிய சுவட்டின் விளிம்பு கூர்மையாயிருக்கும். காற்றும் வெயிலும் பட்ட பின் அது பொடிந்து உதிரும். சுவட்டின்மேல் மழைத்துளிக் குழிகள் இருப்பின் சுவடு மழைக்கு முந்தியது. அவை சுவட்டின் வெளியே மட்டும் இருப்பின் மழைக்குப் பிந்தியது. இரவில் ஊரும் சிறு பூச்சிகளின் தடம் சுவட்டின் குறுக்கே சென்றிருப்பின், பூச்சிக்கு முன்னரே விலங்கு சென்றுவிட்டது என்பது தெளிவு.

இருளரின் கல்வி

இக்கலையில் வல்லவர்கள் நம் நாட்டில் வாழும் இருளர். வெறும் தரை என்று நாம் கடந்து செல்லும் இடத்தில், பாம்பு ஊர்ந்த மெல்லிய தடத்தையும், உரித்த சட்டையின் துணுக்கையும், வளையின் வாயில் மண் மழுங்கியிருப்பதையும் கண்டு, உள்ளே பாம்பு உண்டா இல்லையா என்பதை அவர்கள் உரைப்பர். முன்பு பாம்புத் தோலுக்காக அவர்கள் பாம்பு பிடித்து வந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நின்றது. 1978-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுவது அச்சங்கத்தின் பணி. அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்குரிய மருந்து ஆக்கப்படுகின்றது. மருத்துவமனையில் ஓர் உழவர் உயிர் பிழைக்கும்போது, அதன் தொடக்கத்தில் ஓர் இருளர் மண்ணிற் படித்த ஒரு வரி உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், அயல்நாட்டிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளை அழித்து வந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பதற்கு 2017-ஆம் ஆண்டில் அழைக்கப்பெற்றோர் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர். மொழி புதிது, நிலம் புதிது, பாம்பின் இனமும் புதிது. எனினும் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. இவ்விருவருக்கும் 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. பள்ளி ஏட்டில் இடம்பெறாத கல்வியும் கல்வியே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சுவடும் கணக்கும்

இனி, சுவட்டைப் படிப்பதில் நேர்ந்த ஒரு பெரும்பிழையைக் காண்போம். புலிகளைச் சுவட்டைக்கொண்டு எண்ணும் முறையை 1966-ஆம் ஆண்டில் ஒடிசாவைச் சேர்ந்த வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்தார். கண்ணாடித் தகட்டைச் சுவட்டின்மேல் வைத்து வடிவை வரைந்தும், சுண்ணச்சாந்தை ஊற்றி அச்செடுத்தும், அவற்றை ஒப்பிட்டு இத்தனை புலிகள் என்று முடிவு செய்வர். 1972-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இவ்வாறு கணக்கெடுத்தபோது 1827 புலிகள் உள்ளன என்று தெரிந்தது. புலியினம் அழியும் நிலையில் உள்ளது என்பதை நாட்டிற்கு உணர்த்தி, 1973-ஆம் ஆண்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தோன்றுவதற்கு அக்கணக்கு துணையாயிற்று. அவ்வளவில் சுவடு பெருநன்மை செய்தது.

ஆயின், ஆண்டுகள் செல்லச் செல்ல, சுவடு கூறக்கூடியதற்கு மேலும் அதனிடம் எதிர்பார்க்கலாயினர். இங்குப் புலி உண்டு என்பதைச் சுவடு உறுதியாகக் கூறும். இச்சுவடும் அச்சுவடும் ஒரே புலியினவா, இரு புலிகளினவா என்பதை அது எப்போதும் கூறவல்லதன்று. ஈரத்தில் விரிந்தும் புழுதியிற் சுருங்கியும் பதியும் ஒரு பாதம் இரண்டு புலிகளாக எண்ணப்படக்கூடும். வரைபவர் கை மாறினால் வடிவும் மாறும். இக்குறைகள் இருந்தும் கணக்கேடுகள் ஆண்டுதோறும் நிரம்பின.

இராசத்தான் மாநிலத்துச் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் பத்துக்கு மேற்பட்ட புலிகள் உண்டென்று ஏடுகள் கூறிக்கொண்டிருந்தன. 2005-ஆம் ஆண்டில் தேடிப் பார்த்தபோது அங்கு ஒரு புலியும் இல்லை. கள்ள வேட்டையாளர் அவற்றைக் கொன்று முடித்திருந்தனர். ஏட்டில் புலி இருந்தமையால், காட்டில் புலி இல்லாமையை எவரும் காலத்தில் உணரவில்லை. தவறான வாசிப்பு உயிர்க்குக் கேடாய் முடிந்தது இவ்வாறே. பின்னர் 2008-ஆம் ஆண்டில் ரணதம்பூரிலிருந்து புலிகளைக் கொணர்ந்து அக்காட்டில் விடவேண்டியதாயிற்று.

அதன்பின் எண்ணும் முறை மாற்றப்பட்டது. புலியின் உடற்கோடுகள் ஒன்றற்கு இருப்பது போல மற்றொன்றற்கு இருப்பதில்லை. ஆதலின் காட்டு வழிகளில் தானே படமெடுக்கும் கருவிகளை அமைத்து, கோடுகளை ஒப்பிட்டு எண்ணலாயினர். 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள புலிகள் ஏறத்தாழ 1411 என்று மதிப்பிடப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு 3682. புதிய முறை வந்தமையால் சுவடு தள்ளப்பட்டுவிடவில்லை. எக்காட்டில் புலி உலவுகின்றது, கருவியை எங்கே அமைப்பது என்பவற்றை அறிய வனக்காவலர் இன்றும் சுவட்டையே முதலில் நாடுகின்றனர். எண்ணும் பொறுப்பைக் கருவி ஏற்றது. உண்டு என்று சான்று கூறும் பொறுப்பு சுவட்டிடமே நின்றது. தகுதிக்கு மீறிய பொறுப்பு நீங்கியபின் சுவட்டின் மதிப்புக் குறையவில்லை, உறுதிப்பட்டது.

முடிவுரை

மாணவர்களே! சுவடறியக் காட்டிற்கே செல்லவேண்டும் என்பதில்லை. மழை விட்ட காலையில் பள்ளித் திடலிலோ வீட்டுக் கொல்லையிலோ நோக்குங்கள். மைனா நடந்து செல்வதால் அதன் அடிகள் மாறிமாறி அமையும். சிட்டுக்குருவி தத்திச் செல்வதால் அதன் அடிகள் இணையிணையாக அமையும். தெருநாயின் சுவட்டையும் வீட்டுப் பூனையின் சுவட்டையும் அருகருகே வரைந்து ஒப்பிடுங்கள். அளவையும் இடைவெளியையும் ஏட்டிற் குறியுங்கள். காட்டோரத்தில் வாழ்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: யானையினுடையதோ கரடியினுடையதோ ஆகிய புதிய சுவட்டைக் கண்டால் அதனைத் தொடர்ந்து செல்லாது திரும்பி, பெரியவர்க்கு அறிவித்தலே அறிவுடைமை.

சுவட்டை நோக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுப் பழகுங்கள். நான் கண்டது யாது? அதனால் நான் துணிந்தது யாது? கண்டதை முழுதாகக் காண்பதும், கண்டது தாங்கும் அளவிற்கே துணிவதும் சுவடறிவார்க்கு மட்டும் உரிய பண்புகள் அல்ல; உண்மையை நாடுவார் அனைவர்க்கும் உரியவை.

பயிற்சி

1. சுவட்டைக் கொண்டு விலங்கை அறிவது எவ்வகை அளவையைச் சாரும்? காரணம் தருக.
2. நாயினத்தின் சுவட்டிற்கும் பூனையினத்தின் சுவட்டிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை? அவற்றுள் ஒன்றை மட்டும் நம்பலாகாது என்பது ஏன்?
3. ஒரு யானையின் முன்காற் சுவட்டின் சுற்றளவு 120 செ.மீ. ஆயின், அதன் உயரம் ஏறத்தாழ எவ்வளவு?
4. "ஏட்டில் புலி இருந்தமையால், காட்டில் புலி இல்லாமையை எவரும் காலத்தில் உணரவில்லை" – விளக்குக.
5. உங்கள் வீட்டருகே கண்ட ஒரு சுவட்டை வரைந்து, கண்டவற்றை ஒரு பத்தியிலும் துணிந்தவற்றை மற்றொரு பத்தியிலும் எழுதுக.